ஒரு கடல் கலங்கும்போது மறுகடல் தெளிகிறது: பாக் விரிகுடா, மன்னார் வளைகுடாவில் நீர் பருவந்தோறும் நிறம் மாறுவது ஏன்?

ஹைதராபாத்: ராமேசுவரம் தீவின் வடக்குக் கரையில் நின்று நவம்பர் மாதம் கடலைப் பார்ப்பவருக்கு முழங்கால் அளவு நீரிலும் தரை தெரியாது. அதே இடத்துக்கு மார்ச் மாதம் வந்தால், அடியில் அசையும் கடற்புல்லைப் படகில் இருந்தபடியே பார்க்கலாம். கடல் அதேதான், கரையும் அதேதான். மாறியது காற்றின் திசை மட்டுமே.

தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் இடையே உள்ள ஆழம் குறைந்த கடலில் நீர்த்தெளிவு ஆண்டுதோறும் ஓர் ஒழுங்கில் மாறுகிறது. கடற்புல் வளர்வதும், பவளப்பாறை உயிர் பிழைப்பதும், சங்கு குளிப்பவரும் பாசி எடுக்கும் பெண்களும் வேலைக்குச் செல்வதும் இந்த ஒழுங்கைச் சார்ந்தே நடக்கின்றன. கடற்கரையே இல்லாத ஹைதராபாத்தில் இயங்கும் இந்திய தேசிய பெருங்கடல் தகவல் சேவைகள் மையம், செயற்கைக்கோள்களின் துணையுடன் இந்திய கடல்களின் நிறத்தை நாள்தோறும் கவனித்து வருகிறது. நீர் தெளிவதும் கலங்குவதும் எவ்வாறு நிகழ்கின்றன, அவை எவ்வாறு அளக்கப்படுகின்றன, இயல்பான கலங்கல் எப்போது ஆபத்தாக மாறுகிறது என்பதை இத்தொகுப்பு விளக்குகிறது.

இரு கடல்கள், ஒரு வாசல்

ராமேசுவரம் தீவுக்கு வடக்கே இருப்பது பாக் விரிகுடா, தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. உள்ளூர் மீனவர்கள் இவற்றை வடகடல், தென்கடல் என்றே அழைக்கின்றனர். தனுஷ்கோடியில் இருந்து தலைமன்னார் வரை நீளும் மணல் திட்டுகளின் தொடரான ராமர் பாலம் இரு கடல்களையும் பிரிக்கிறது. பாம்பன் கால்வாயும் இத்திட்டுகளுக்கு இடையே உள்ள இடைவெளிகளும் இரண்டையும் இணைக்கும் வாசல்களாக உள்ளன.

1763 முதல் 1767 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த ராபர்ட் பாக் என்பவரின் பெயரே பாக் நீரிணைக்கும் பாக் விரிகுடாவுக்கும் வைக்கப்பட்டது. பாக் விரிகுடாவின் சராசரி ஆழம் சுமார் 9 மீட்டர், அதாவது மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம் மட்டுமே. மன்னார் வளைகுடாவும் கரையோரத்தில் ஆழம் குறைந்ததுதான். எனினும் தெற்கே செல்லச் செல்ல அது இந்தியப் பெருங்கடலின் ஆழத்தில் சென்று கலக்கிறது. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளை உள்ளடக்கிய மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்டது. 1989-ல் இப்பகுதி உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது.

கடல் எப்படிக் கலங்குகிறது?

அலை என்பது நீரின் மேற்பரப்பில் மட்டும் நடக்கும் அசைவு என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் ஓர் அலையின் இயக்கம், அதன் நீளத்தில் பாதி அளவு ஆழம் வரை கீழே செல்கிறது. நான்கு விநாடிக்கு ஒரு முறை வரும் சிறிய அலையின் நீளம் ஏறக்குறைய 25 மீட்டர். அதன் அசைவு, வலு குறைந்தபடியே, சுமார் 12 மீட்டர் ஆழம் வரை எட்டும். ஆழ்கடலில் இது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் 9 மீட்டர் ஆழமுள்ள கடலில் இத்தகைய சிறிய அலைகூட அடித்தரையைத் தொட்டு வண்டலைக் கிளப்பிவிடுகிறது.

கிளம்பிய துகள்கள் மீண்டும் படிவதற்கு எடுக்கும் காலம் அவற்றின் பருமனைப் பொறுத்தது. நுண்மணல் சில நிமிடங்களில் அடியில் படிந்துவிடும். மாவு போன்ற வண்டலுக்கு, நீர் அசையாமல் இருந்தால், ஒரு நாளோ இரண்டு நாளோ போதும். களிமண் துகள்களோ தனித்தனியாக மிதந்தால் ஒரு நாளில் ஒரு மீட்டர்கூட இறங்குவதில்லை. பலத்த காற்று ஓரிரு நாள் வீசி ஓய்ந்த பின்னரும் கடல் பல நாள்களுக்குக் கலங்கியே இருப்பதற்கு இதுவே காரணம். காற்று இடைவிடாது வீசும் பருவத்தில் களிமண் படிவதற்கு அவகாசமே கிடைப்பதில்லை.

இப்பகுதியில் ஓதங்களின் பங்கு குறைவு. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே உள்ள நீர்மட்ட வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவாகவே இருக்கிறது. எனவே இக்கடலின் தெளிவைப் பெருமளவு தீர்மானிப்பது காற்றே ஆகும்.

பருவங்களின் நாட்காட்டி

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இம்மாதங்களில் கிடைக்கிறது. வாடைக்காற்று வங்கக் கடலின் திறந்த வெளியில் இருந்து பாக் விரிகுடாவுக்குள் நேராக நுழைகிறது. அலைகள் அடித்தரையைக் கலக்குகின்றன. காவிரிப் படுகையின் ஆறுகளும், ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலை எட்டும் வைகையும் மழை வெள்ளத்துடன் செம்மண்ணையும் வண்டலையும் கொண்டு வந்து சேர்க்கின்றன. இதே மாதங்களில் கிழக்குக் கடற்கரையை ஒட்டிய நீரோட்டம் வடக்கில் இருந்து தெற்கு நோக்கிப் பாய்கிறது. வங்கக் கடலின் உப்புக் குறைந்த நீரும் அத்துடன் மிதக்கும் துகள்களும் பாக் நீரிணை வழியாக உள்ளே வந்து, பாம்பன் வாசலைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்கும் செல்கின்றன. வடகடல் மிகவும் கலங்கும் காலம் இதுவே.

ஜனவரிக்குப் பின் வாடையின் வேகம் படிப்படியாகக் குறைகிறது. பிப்ரவரி பிற்பகுதியில் இருந்து ஏப்ரல் வரை காற்று தணிந்து, ஆற்று நீரின் வரத்தும் நின்றுவிடுவதால் இரு கடல்களுமே தெளிகின்றன. மன்னார் வளைகுடாவில் முற்காலத்தில் முத்துக்குளிப்பு பெரும்பாலும் பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடைப்பட்ட அமைதியான நாள்களில் நடத்தப்பட்டதற்கு இத்தெளிவும் ஒரு காரணம். தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை நிலைமை தலைகீழாகிறது. தென்மேற்குப் பருவக்காற்றும், இந்தியப் பெருங்கடலில் இருந்து வரும் நெடிய அலைகளும் மன்னார் வளைகுடாவைத் தாக்குகின்றன. தென்கடல் கொந்தளித்துக் கலங்குகிறது. வடகடலுக்கோ ராமேசுவரம் தீவும் ராமர் பாலமும் தடுப்பாக அமைகின்றன. தமிழகக் கரையோரத்தில் காற்று நிலத்தில் இருந்து கடல் நோக்கி வீசுவதால், அங்கு பெரிய அலைகள் எழுவதற்குப் போதிய நீர்ப்பரப்பு கிடைப்பதில்லை. எனவே தெற்கே கலங்கும்போது வடக்கே ஒப்பீட்டளவில் தெளிவு நிலவுகிறது. நீரோட்டமும் இப்போது தெற்கில் இருந்து வடக்கு நோக்கித் திரும்புகிறது.

பாம்பன், மண்டபம் பகுதி மீனவர்கள் பருவத்துக்கு ஏற்பத் தங்கள் படகுகளை ஒரு கடலில் இருந்து மறுகடலுக்கு மாற்றிக் கொள்வது இந்த அறிவின் அடிப்படையில்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

மண் மட்டுமே காரணம் அன்று

நீரின் தெளிவைக் குறைப்பவை வண்டல் துகள்கள் மட்டும் அல்ல. கண்ணுக்குத் தெரியாத மிதவை நுண்பாசிகள் பெருகினாலும் கடல் மங்கும். தென்மேற்குப் பருவத்தில் ஆழத்தில் இருந்து மேலெழும் குளிர்ந்த நீர், தன்னுடன் ஊட்டச்சத்துகளைக் கொண்டு வருகிறது. அதை உண்டு நுண்பாசிகள் பெருகும்போது நீர் பச்சையாகத் தோன்றும். இப்பெருக்கம் ஓர் அளவு வரை மீன்வளத்துக்கு அடிப்படையாகும். அளவு மீறினால் அதுவே கேடாகும்.

நாக்டிலூகா என்னும் நுண்ணுயிரியின் பெருக்கம் இதற்கு எடுத்துக்காட்டு. 2008-ம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கீழக்கரைப் பகுதித் தீவுகளைச் சுற்றியுள்ள கடல் இதனால் கரும்பச்சை நிறமானது. மீன்களும் பவளங்களும் மடிந்தன. 2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் கடலோரத்தில் மீண்டும் பச்சை நீர் தோன்றி மீன்கள் இறந்து ஒதுங்கின. பெருகிய உயிரிகள் மடிந்து அழுகும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைந்துவிடுவதே மீன்கள் இறப்பதற்கான முக்கியக் காரணம். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரைகளில் இரவில் அலைகள் நீல நிறத்தில் ஒளிர்ந்ததைப் பலர் படம் பிடித்தனர். அந்த ஒளிக்கும் இதே வகை உயிரியே காரணமாகும்.

எனவே நீர் மங்கியிருக்கிறது என்பது மட்டும் போதிய தகவல் ஆகாது. அது மண்ணால் மங்கியதா, பாசியால் மங்கியதா என்று அறிவது அவசியம்.

வெள்ளைத் தட்டில் இருந்து செயற்கைக்கோள் வரை

நீர்த்தெளிவை அளக்கும் மிகப் பழைய கருவி ஒரு வெள்ளைத் தட்டு. இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான ஆஞ்செலோ செக்கி, 1865-ல் போப்பாண்டவரின் கப்பல் ஒன்றில் இருந்து மத்தியதரைக் கடலில் இத்தகைய தட்டுகளை இறக்கிச் சோதனை செய்தார். தட்டைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்க வேண்டும். அது கண்ணுக்கு மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கும்போது மீண்டும் தென்படும் ஆழத்தையும் குறித்து, இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும். செக்கித் தட்டு எனப்படும் இக்கருவியை உலகெங்கும் கடல், ஏரி ஆய்வாளர்கள் இன்றளவும் பயன்படுத்துகின்றனர்.

இதன் நவீன வடிவமே செயற்கைக்கோளில் இருந்து கடலின் நிறத்தை அளக்கும் முறை. தெளிந்த ஆழ்கடல் நீல நிறத்தைத் திருப்பி அனுப்புகிறது. பச்சையம் கொண்ட நுண்பாசிகள் நீல ஒளியை உறிஞ்சிவிடுவதால் அவை நிறைந்த நீர் பச்சையாகத் தெரிகிறது. வண்டல் மிகுந்த நீர் பழுப்பாகத் தெரிகிறது. ஒவ்வொரு நிற ஒளியும் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் கணக்கிட்டு, நீரில் உள்ள பச்சையத்தின் அளவும், ஒளி எவ்வளவு ஆழம் செல்லும் என்பதும் மதிப்பிடப்படுகின்றன.

இப்பணிக்காக இந்தியா 1999 மே மாதம் முதலாவது ஓஷன்சாட் செயற்கைக்கோளை விண்ணில் செலுத்தியது. 2009 செப்டம்பரில் இரண்டாவதும், 2022 நவம்பர் 26-ம் தேதி மூன்றாவதும் ஏவப்பட்டன. முதல் இரண்டில் இருந்த கடல் நிறக் கருவி 8 அலைவரிசைகளில் ஒளியை அளந்தது. மூன்றாவதில் உள்ள கருவி 13 அலைவரிசைகளில் அளக்கிறது.

இன்காய்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஹைதராபாத் மையம், முதலாவது ஓஷன்சாட் ஏவப்பட்ட அதே 1999-ல்தான் தொடங்கப்பட்டது. மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இம்மையத்தைச் சுனாமி எச்சரிக்கைக்காகவே பலரும் அறிந்துள்ளனர். கடல் நிறத்தையும் மேற்பரப்பு வெப்பநிலையையும் கொண்டு மீன் கூடும் பகுதிகளைக் கணித்து மீனவர்களுக்குத் தெரிவிப்பது இதன் முதன்மைச் சேவைகளில் ஒன்று. தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வழங்கப்படும் இவ்வறிவிப்பில் திசை, தொலைவு, ஆழம் ஆகியவை இடம்பெறும். பாசிப் பெருக்கம், பவள வெளிறல் ஆகியவை குறித்த தகவல்களையும் இம்மையம் வெளியிடுகிறது. சென்னையில் உள்ள தேசிய கடலோர ஆராய்ச்சி மையம், கரையோர நீரின் தரத்தை நேரடியாக மாதிரி எடுத்துக் கண்காணித்து வருகிறது.

வானில் இருந்து தெரியாதவை

செயற்கைக்கோள் அளவீட்டுக்கு மிகவும் சவாலான இடம் பாக் விரிகுடா போன்ற ஆழம் குறைந்த கடலே ஆகும். இதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, நீர் தெளிந்திருக்கும் காலத்தில் ஒளி அடித்தரை வரை சென்று திரும்புகிறது. வெண்மணலும் கடற்புல்லும் திருப்பி அனுப்பும் ஒளியைக் கருவி நீரின் நிறமாகவே கணக்கில் கொள்ளக்கூடும். அதாவது, நீரில் இல்லாத பாசி இருப்பதாகத் தோன்றலாம்.

இரண்டாவது, நீர் கலங்கியிருக்கும் காலத்தில் வண்டலும், மழைநீர் கொண்டு வந்த கரைந்த தாவரக் கழிவுகளும், நுண்பாசியும் கலந்து காணப்படுகின்றன. இவற்றில் எது எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம்.

மூன்றாவது, கலங்கல் உச்சத்தில் இருக்கும் பருவமழை நாள்களில் வானம் மேகமூட்டத்துடன் இருக்கும். மேகத்தின் ஊடாகக் கடலின் நிறத்தைப் பார்க்க இயலாது.

மேலும் ஓஷன்சாட் படத்தின் ஒரு புள்ளி, கடலில் ஏறத்தாழ 360 மீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரத்தைக் குறிக்கிறது. பாம்பன் வாசல் போன்ற குறுகலான இடங்களில் நிகழும் மாற்றத்தை அது நுணுக்கமாகக் காட்டுவதில்லை. இதனால்தான் படகில் சென்று எடுக்கப்படும் நீர் மாதிரிகளும் மிதவைக் கருவிகளும் வெள்ளைத் தட்டும் இன்றும் தேவைப்படுகின்றன.

ஒளி குறைந்தால் என்ன ஆகும்?

நீரில் இறங்கும் ஒளி ஒவ்வொரு மீட்டரிலும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் குறைகிறது. ஒவ்வொரு மீட்டரிலும் 20 விழுக்காடு ஒளி குறையும் தெளிந்த நீரில், 5 மீட்டர் ஆழத்தில் மேற்பரப்பு ஒளியில் மூன்றில் ஒரு பங்கு எஞ்சியிருக்கும். ஒவ்வொரு மீட்டரிலும் பாதி குறையும் கலங்கிய நீரில், அதே ஆழத்தில் 3 விழுக்காடுதான் எஞ்சும்.

இந்த வேறுபாடு கடற்புல்லுக்கு உயிர்ப் பிரச்சினை. கடற்புல் வகைகள் வளர்வதற்கு மேற்பரப்பு ஒளியில் சராசரியாக 10 விழுக்காட்டுக்கும் மேல் தேவைப்படுகிறது. சில வாரக் கலங்கலை, வேர்த்தண்டில் சேமித்த உணவைக் கொண்டு அது தாங்கிக்கொள்ளும். தெளிவு திரும்பும் மாதங்களில் மீண்டும் தழைக்கும். பல மாதங்கள் தொடர்ந்து ஒளி கிடைக்காவிட்டால் அழிந்துவிடும். கடற்புல்லையே முதன்மை உணவாகக் கொண்ட ஆவுளியா எனப்படும் கடல்பசுவின் வாழ்வும் இதைச் சார்ந்தது. இவ்வுயிரினத்துக்காகத் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடல்பசுப் பாதுகாப்பகத்தை 2022 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. அந்தப் பாதுகாப்பகம் பாக் விரிகுடாவில், அதாவது நீர் கலங்குவதும் தெளிவதும் வாழ்வைத் தீர்மானிக்கும் கடலில் அமைந்துள்ளது.

பவளங்களின் நிலை சற்றுச் சிக்கலானது. பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகளுக்கு ஒளி தேவை. வண்டல் மேலே படிந்தால் பவளம் மூச்சுத் திணறும். எனவே தெளிந்த நீர் அதற்கு நல்லது. ஆனால் கடல் மிகவும் தெளிந்திருக்கும் ஏப்ரல், மே மாதங்களே மிகவும் வெப்பமான மாதங்களும் ஆகும். காற்று ஓய்ந்து, நீர் சூடேறி, கடும் வெயில் தடையின்றி இறங்கும்போது பவளங்கள் தமக்குள் வாழும் பாசிகளை இழந்து வெளிறுகின்றன. மன்னார் வளைகுடாவில் 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் இத்தகைய பெரும் வெளிறல் ஏற்பட்டது. அந்நாள்களில் சிறிது மங்கலான நீர் பவளத்துக்குக் குடை போன்றது.

மனிதர்களின் பிழைப்பும் இதே தெளிவைச் சார்ந்தது. கண்ணாடி அணிந்து மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் பாம்பன் பகுதிப் பெண்களுக்கும், சங்கு குளிப்போருக்கும் கலங்கிய கடல் என்றால் வேலையற்ற நாள். பாறையில் மோதி உடலைக் கிழித்துக்கொள்ளும் அபாயமும் அப்போது அதிகம். வலை விரிப்பவருக்கோ கணக்கு வேறு. நீர் தெளிந்திருந்தால் பகலில் மீன் வலையைக் கண்டு விலகிவிடும். கலங்கலில் இறால் பாடு கூடும்.

பருவம் இல்லாத கலங்கல்

பருவத்துடன் வரும் கலங்கலுக்கு ஒரு முடிவு உண்டு. காற்று திரும்பியதும் கடல் தெளிந்துவிடும். அங்குள்ள உயிரினங்கள் அந்தச் சுழற்சிக்குப் பழகியவை. பருவத்தைச் சாராமல், மனிதச் செயல்களால் ஆண்டு முழுவதும் நீடிக்கும் கலங்கலே கவலைக்குரியது.

அடித்தரையை உரசிச் செல்லும் இழுவைமடி, புயல் வீசாத நாளிலும் வண்டலைக் கிளப்புகிறது, கடற்புல்லையும் வேரோடு பெயர்க்கிறது. இழுவைமடி மீன்பிடிப்புக்கு இலங்கை 2017 ஜூலையில் சட்டம் மூலம் தடை விதித்தது. பாக் விரிகுடாவின் இழுவைப் படகுகளை ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற்றும் திட்டம் தமிழ்நாட்டில் அதே ஆண்டு தொடங்கப்பட்டது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் தடை, மீன்களின் இனப்பெருக்கத்தைக் கருதியது. கடல் தெளிந்திருக்கும் காலத்தின் ஒரு பகுதியில் அடித்தரைக்கும் அது ஓய்வு தருகிறது.

கடலை ஆழப்படுத்தும் பணிகளும் இத்தகையவையே. 2005 ஜூலையில் தொடங்கி வைக்கப்பட்ட சேதுசமுத்திரக் கால்வாய்த் திட்டத்துக்கு எதிராக எழுந்த சூழலியல் ஆட்சேபங்களில், தூர்வாரும்போது எழும் கலங்கல் பவளத்தையும் கடற்புல்லையும் மூடிவிடும் என்பதும் ஒன்று. சுத்திகரிக்கப்படாத கழிவுநீரும் இறால் பண்ணைகளின் கழிவும் ஊட்டச்சத்துகளைச் சேர்த்துப் பாசிப் பெருக்கத்துக்கு வழிவகுக்கின்றன.

இயல்பான கலங்கலையும் இயல்பற்ற கலங்கலையும் வேறுபடுத்த வேண்டுமானால், ஒரே இடத்தில் பல ஆண்டுகள் தொடர்ச்சியாக எடுத்த அளவீடு தேவை. மார்ச் மாதத்தில் ஒரு நாள் நீர் மங்கியிருப்பது செய்தி ஆகாது. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத் தெளிவு குறைந்துகொண்டே வந்தால் அது எச்சரிக்கை.

நீங்களும் அளக்கலாம்

கடலோரப் பள்ளிகளும் மீனவர் அமைப்புகளும் அதிகச் செலவின்றி இந்த அளவீட்டைச் செய்ய இயலும். 20 முதல் 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள வெள்ளைத் தட்டு, அதன் அடியில் கட்ட ஓர் எடை, மீட்டர் குறியிட்ட கயிறு ஆகியவை போதும். நண்பகலை ஒட்டிய நேரத்தில், படகின் நிழல் விழும் பக்கத்தில், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அளக்க வேண்டும். தேதி, நேரம், காற்றின் திசை, நீரின் நிறம் ஆகியவற்றையும் குறித்து வைக்க வேண்டும். தட்டு தரையைத் தொட்ட பின்னரும் கண்ணுக்குத் தெரிந்தால், 'தரை வரை தெளிவு' என்று எழுதி, அந்த இடத்தின் ஆழத்தையும் குறிக்க வேண்டும்.

மேகம் மறைக்கும் நாள்களிலும், செயற்கைக்கோள் பிரித்தறிய இயலாத கரையோரத்திலும், இந்தக் குறிப்பேடே கடலின் உண்மை நிலையைச் சொல்லும்.